சௌந்திரம் வாசித்த முகூர்த்த நாள்

புதுச்சத்திரம்
30-4-1944

அன்புள்ள மாமாவுக்கு முத்தாயம்மாள் வணங்கி எழுதுவது.

நானும் நம் பிள்ளைகள் சௌந்திரமும் சின்னராஜும் சுகம். செவலைப் பசு கன்று ஈன்றிருக்கிறது. கோடை மழை இரண்டு தடவை பெய்து கிணற்றில் ஓராள் மட்டம் தண்ணீர் நிற்கிறது. அஸ்ஸாம் பக்கம் சண்டை பலமாக நடப்பதாக ராசிபுரம் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லாரியை மெதுவாக ஓட்டுங்கள். பட்டாளத்தில் போய் மெதுவாக ஓட்டுவதா என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மெதுவாகவே ஓட்டுங்கள்.

உங்கள் அண்ணார் மகள் கந்தம்மாளுக்குப் போன புதன்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்தோம். மாப்பிள்ளை வீடு வாழப்பாடி. அன்று நம் சௌந்திரத்தால் சபையில் ஒரு கலகம் ஆகிவிட்டது. அண்ணார் இதைப்பற்றி உங்களுக்கு எழுதியிருப்பார். அதில் பாதிதான் இருக்கும். மீதியை நான் எழுதுகிறேன்.

முகூர்த்தப் பத்திரிகையை எப்போதும் சோசியர்தான் வாசிப்பார். பாடம் ஒப்பிப்பதில் சௌந்திரம்தான் வகுப்பில் முதல் என்று ஊரெல்லாம் பேச்சு இருப்பதால், இந்தத் தடவை அவளே வாசிக்கட்டும் என்று அண்ணார் பெருமையாகச் சொன்னார். ஒன்பது வயசுப் பெண், பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணீரென்று வாசித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வைகாசி பன்னிரண்டாம் தேதி திருமணம் என்று முடித்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டார்.

காலையில் சோசியர் எழுதிய நாள் வைகாசி பன்னிரண்டுதான். அது தங்கள் வீட்டில் திதி வருகிற நாள் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்த பிறகு சொன்னார்கள். உடனே சோசியர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆனி ஐந்து என்று வேறு தாளில் எழுதினார். சௌந்திரத்தின் கையில் இருந்தது புதுத் தாள். அவள் சொன்னது பழைய நாள். “திதியன்னைக்குத் தாலி கட்டச் சொல்லிச் சபையில வெச்சுக் கேலி பண்றீங்களா?” என்று மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்துவிட்டார். அண்ணார் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டு அவரை உட்கார வைத்தார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அண்ணாரின் முகம் அன்றிலிருந்து இறுகிக் கிடக்கிறது. “கொழுப்பு. அவங்கப்பனாட்டமே. அவனும் நாலாவதுலயே புஸ்தகத்தைக் கெணத்துல போட்டுப்போட்டு லாரிக்கு ஓடுனவன். லீவு முடிஞ்சா இவ பள்ளிக்கூடம் போக வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

கொழுப்பு என்று நான் நம்பவில்லை. நான் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாசிக்கிறவர்களின் கண் வரியோடு ஓடும் இல்லையா? அவள் கண் தாளின் நடுவில் ஒரே இடத்தில் நின்றிருந்தது. மறுநாள் சோசியரிடம் போய் விசாரித்தேன். நிச்சயத்தன்று காலையில் சௌந்திரம் அவரிடம் வந்து, “நீங்க எப்படி நீட்டி வாசிப்பீங்கன்னு ஒருக்காக் காட்டுங்க சோசியரே” என்று கேட்டாளாம். அவரும் சந்தோஷமாக ஒரு தடவை வாசித்துக் காட்டினாராம். அந்த ஒரு தடவைதான் மாமா. இரண்டு பக்கம், ஒரு வார்த்தை பிசகாமல் அவள் மனதில் நின்றிருக்கிறது.

அதற்கப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை. கண்ணில் கோளாறோ என்று ஊசி கோர்க்கச் சொன்னேன். முதல் தடவையே கோர்த்தாள். தூரத்துப் பனைமரத்தில் எத்தனை கூடு என்று கேட்டேன். எனக்குத் தெரியாத கூட்டையும் சேர்த்துச் சொன்னாள். வண்டி வருகிற சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்துக்கு வண்டிமை போடவில்லை என்று சொல்லும் பெண் அவள்.

பிறகு எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத ஒரு வரியைச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். ‘நம் எருமை நேற்று பூசணிக்காய் தின்றது.’ சிலேட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “நம் எருமை நேற்று புண்ணாக்குத் தின்றது” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எருமை தின்பதைத்தானே சொல்கிறாள், அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது! அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் முறை வைத்து வாசிக்கும்போது அவள் எப்போதும் வரிசைக் கடைசியில்தான் உட்காருவாளாம். தன் முறை வருவதற்குள் பாடம் மனப்பாடமாகிவிடுமாம். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய நாட்களில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு போவாளாம். அந்தத் துணிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். மூன்று வருஷமாக ஒரு குழந்தை இப்படித் தனியாகப் பாடுபட்டிருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லையே.

“எழுத்து ஒண்ணொண்ணாத் தெரியுதும்மா. சேத்தறதுக்குள்ள முன்னால பாத்தது போயிருது. மத்தவங்களுக்கெல்லாம் எப்படிம்மா நிக்குது?” என்று கேட்டாள். உண்மையிலேயே எப்படி நிற்கிறது? நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. “நான் மக்குன்னு அப்பாவுக்கு எழுதீராத” என்றும் சொன்னாள். எழுத மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மக்கு என்று நான் எழுதவில்லை, பாருங்கள்.

இது என்னவென்று எனக்குப் புரியவில்லை. சோம்பல் என்று சொல்ல முடியாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைவிட இவள்தான் அதிகமாக உழைத்திருக்கிறாள். இதற்கு ஒரு பெயர் இருக்கும், எங்காவது ஒரு டாக்டருக்கோ வாத்தியாருக்கோ தெரிந்திருக்கும். அது தெரிகிறவரை தினமும் நான்கு வார்த்தை, மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, நானும் அவளும் பழகுகிறோம். நேற்று இரண்டு வார்த்தை நின்றது.

இன்னொன்று எழுத வேண்டும். இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிற தம்பிக்கு என் ஆசீர்வாதம். தம்பி, இந்த இடத்தை மட்டும் மற்றவர்கள் இல்லாதபோது மெதுவாக வாசியுங்கள்.

மாமா, அண்ணார் “அவங்கப்பனாட்டமே” என்று சொன்ன பிறகு உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். போன வருஷத்தில் ஒரு கை, இந்த வருஷம் வேறு கை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் உங்கள் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. பத்திரிகை வாங்கி வந்து, “நீ படி, நீ படிச்சாத்தான் கேக்க நல்லா இருக்குது” என்பீர்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போதும் பெருமைதான், அது மாறாது. உங்களுக்கும் முன்னால் பார்த்தது போய்விடுமா?

அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம் என்று அண்ணாருக்கு லீவு முடிவதற்குள் ஒரு கடிதம் போடுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர் கேட்பார். அதை யார் கையால் வேண்டுமானாலும் எழுதச் சொல்லுங்கள்.

எனக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் கீழே ஒரு வரி உங்கள் கையால் வேண்டும். கோணலாக இருக்கட்டும், தப்பாக இருக்கட்டும், எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். யாரிடமும் காட்ட மாட்டேன். சௌந்திரத்திடம் மட்டும் காட்டி, உங்கப்பா எழுதியது என்று சொல்வேன்.

நீங்கள் உயிரோடும் உடம்போடும் வந்து சேர வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் காத்திருக்கும்,
முத்தாயம்மாள்