திரையின் ஓரத்தில் மோதிய வெள்ளம்

நவம்பர் 4, திங்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் வசிக்கும் ஷர்வின் ஆகிய எனக்கு மூன்றாவது மீசை முடி முளைத்துவிட்டது. தோட்டத்துக்கு நாளை விடுமுறை கிடையாது.

சின்னச் செய்தி ஒன்றும் உண்டு. பள்ளி அறிவியல் போட்டிக்காக நானும் தனுஜாவும் கணினியில் செய்த வெள்ளம் ஓடிவிட்டது. தோட்டத்துக் குளத்தின் கரை உடைந்தால் தண்ணீர் எங்கே பாயும் என்ற கணக்கு. ஓடை வழியாக இறங்கி, லோரி போகும் பாலம் வரை போய், திரும்பி வந்து, கீழ் லயத்தில் நாகப்பன் மாமா வீட்டை முழுங்கியது. ‘வருகிறது பிரளயம்’ என்று தலைப்புப் போட்டு வீடியோவை நண்பர்கள் எல்லார் கைப்பேசிக்கும் அனுப்பினேன்.

நவம்பர் 5

தனுஜாவுக்குப் பொறாமை. “பாலத்துக்கிட்ட சுவரா இருக்கு? நம்ம மேப் அங்க முடியுது, அவ்ளோதான். ஓரத்துல மோதி அலை திரும்புது லா.”

மோதட்டுமே. என் அலை, என் இஷ்டம்.

நவம்பர் 7

கொதிக்கிறது. ஆபீஸ் பலகையில் நோட்டீஸ்: வெள்ள அபாயம் காரணமாகக் கீழ் லயத்தார் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஆதாரம்? என் வீடியோ! கூரை ஒழுகுவதை அவர்கள் படம் எடுத்துக் காட்டியபோது கண்ணே தெரியாத ஆபீசுக்கு இது மட்டும் பளிச்சென்று தெரிகிறதாம். ஒட்டியது ஆபீஸ் எழுத்தரான கிராணி குணாளன் — குணம் பெயரோடு சரி. எங்கே போவார்கள் அந்த ஆறு குடும்பமும்?

நாகப்பன் மாமா வழியில் நிறுத்தினார். “கொளம் ஒடையலடா. நீதான் என் வீட்ட அடிச்சிட்டுப் போன.”

ஏன் என்னைச் சொல்ல வேண்டும்? நோட்டீஸ் ஒட்டியது நானா?

நவம்பர் 9

கண்டுபிடித்தேன்! நிஜத் தண்ணீர் பாலத்தைத் தாண்டிக் காய்கறித் தோட்டங்கள் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். கணினிக்கு அது தெரியாது. வரைபடம் முடிந்த இடத்தில் முட்டித் திரும்புகிறது. அதனால் பாலத்துக்கு அப்பால் ஓடையை நீட்டி, அங்கே அலையை உறிஞ்சப் பஞ்சு மாதிரி ஒரு பகுதி வைத்தாயிற்று. சட்டென்று உறிஞ்சினால் பஞ்சே சுவராகி அலையைத் திருப்புகிறது! மெதுவாகத் தொடங்கிப் போகப்போகக் கூட்ட வேண்டும். கூட்டினால், போன அலை போனதுதான். மாமா வீட்டுப் படிகூட நனையவில்லை.

நவம்பர் 11

ஆபீசுக்குள் புயலாக நுழைந்தேன். இரண்டு வீடியோவையும் போட்டு இடி மாதிரி முழங்கினேன். தோட்ட நிர்வாகியான துரை இரண்டையும் மறுபடி போட்டுப் பார்த்தார். பொறியாளர் நேரில் வந்து பார்க்கும்வரை யாரும் காலி செய்ய வேண்டாமாம். நோட்டீஸ் கிழிந்தது. ஷர்வின் வாழ்க.

நவம்பர் 12

நேற்றைய பதிவில் சிறு திருத்தம்.

முழங்கியது தனுஜா. பஞ்சு வைத்ததும் அவள்தான். நான் கதவோரம் மடிக்கணினியின் சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று. கிராணிக்கு வீடியோ தானாகப் போய்ச் சேரவில்லை. நான்தான் அனுப்பினேன், அது தப்பு என்று தனுஜா சொன்ன பிறகு. துரை பாராட்டுவார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கீழ் லயத்துக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். கட்டிய மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. ஒரு மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

முடிச்சு கெட்டி. அவிழ்க்க வெகுநேரம் ஆனது.