அம்மா சுற்றி வந்த மலை

இன்று காலை ஆசாரி வந்து உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றிவிட்டுப் போனார். கண்ணாடி ஓரத்தில் அப்பிய புட்டிப் பசையிலிருந்து எண்ணெய் வாடை. அந்த வாடையோடு நீயும் வீட்டுக்குள் வந்துவிட்டாய், தம்பி. அடுப்பு பற்றவைக்கத் தோன்றவில்லை. நீ போனதிலிருந்தே எதுவும் செய்யத் தோன்றுவதில்லை. இன்று அதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலையை விட்டுவிட்டு, கெட்டுப்போன நுரையீரலோடு திரும்பி வந்தாய். ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து சமைப்பேன். முட்டிவலியில் முடங்கிய அம்மாவுக்கு வெந்நீர், உனக்கு மாத்திரை. மாதக்கணக்கில் நீ சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாய். பிறகு ஒருநாள், பழைய சாமான் கடையிலிருந்து இரும்புச் சட்டம் போட்ட மீன்தொட்டியைக் கொண்டுவந்து, ஒழுகிய மூலைகளை நீயே புட்டிப் பசை வைத்து அடைத்தாய்.

மீன் வளர்க்கப் போகிறாய் என்று நினைத்தேன். உனக்கு மீன் முக்கியமில்லை. செம்மண் பரப்பி, மேலே ஆற்று மணல் போட்டு, ஏரியில் பறித்த பாசிச் செடிகளை ஒவ்வொரு தண்டாக நட்டாய். முன்னால் குட்டையானவை, பின்னால் நெட்டையானவை. கற்களை அடுக்கி, பௌர்ணமிதோறும் ஊரே சாமியாகச் சுற்றி வரும் நம் மலையை எழுப்பத் தொடங்கியபோதுதான் அம்மா சத்தம் போட்டாள்.

"அது கல்லு இல்லடா, சாமி! மலையிலேர்ந்து எடுத்தியா?"

"இல்லம்மா. வேங்கிக்கால்ல கெணறு வெட்டின எடத்துல கெடந்துது."

மலையை ஏன் நடுவில் வைக்கவில்லை என்று கேட்டேன். "நடுவுல வெச்சா ஃபோட்டோ மாதிரி நின்னுடுதுக்கா. கொஞ்சம் தள்ளி வெச்சாதான் சுத்திப் போக வழி தெரியுது" என்றாய். வெள்ளை மணலில் ஒரு பாதை போட்டாய். முன்னால் அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, மலைக்குப் பின்னால் மறைந்தது.

அடுத்த பௌர்ணமியன்று அம்மா, "என்னக் கொஞ்சம் அதுகிட்ட ஒக்கார வைங்க" என்றாள். அவள் மலை சுற்றப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து, உதடு முணுமுணுக்க, அந்த மணல் பாதையிலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த வறண்ட கோடை வந்தது. தெருக்குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர். தொட்டியில் நீர் இறங்கி, இலைகள் மஞ்சளாகி, லேசாக நாற்றமும் வந்தது.

"எடுத்துடலாம்க்கா. நீ இதுக்கும் சேத்து தண்ணி சுமக்க வாணாம்" என்றாய். எனக்கு மறுத்துப் பேசத் தெம்பு இல்லை. நீ சொம்பை எடுத்துத் தொட்டி நீரை மொள்ளப் போனாய்.

"டேய், நான் குளிக்க வெச்ச தண்ணிய அதுல ஊத்து" என்றாள் அம்மா.

"வாணாம்மா."

"ரெண்டு நாளு குளிக்கலன்னா ஒண்ணும் ஆயிடாது. நான் இனிமே எங்கடா போவப் போறேன்? எனக்கு இருக்கிறது இந்த மலைதான்."

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாய். அந்தக் கோடை முழுவதும் அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கழித்தாள். பாசியில் பாதி பிழைத்தது.

மழைக்குப் பிறகு செங்கம் ரோட்டு லாட்ஜ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். அது உனக்குத் தொழிலாயிற்று, உடம்பும் தேறிற்று. அம்மா அந்த நாற்காலியிலேயே ஒரு மத்தியானம் போனாள். உன்னை அந்தப் பழைய நுரையீரல் வெகுகாலம் விட்டுவைத்து, கடைசியில் கேட்டு வாங்கிக்கொண்டது.

அந்தக் கோடையின் ஒரு மாலை மட்டும் என்னிடம் இருக்கிறது. தலைவலியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். அம்மா நாற்காலியில், நீ தரையில்; இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். யாரும் திரும்பவில்லை. காபி, வெந்நீர், மாத்திரை என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. பையை வைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதிதாக விட்ட இலையிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன. இருட்டும்வரை அப்படியே இருந்தோம்.

இப்போது எனக்கு ஒரு வேலையும் இல்லை. கேட்கவும் யாரும் இல்லை. ஆனாலும் அப்படி உட்கார முடியவில்லையடா.