இயந்திரத்தின் மறுமுனையில் நீ

கையுறையைக் கழற்றினால் பெட்ரோலும் பச்சைத் தேயிலையும் கலந்த வாசனை. இன்று அதோடு உன் நினைவும் வந்தது. மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் படிவ வகுப்பில் நான் மலாய்ப் பாடத்தைத் திக்கித் திக்கி வாசித்ததைப் படம் பிடித்து, வகுப்பு வாட்சப்பில் போட்டவள் நீ. "ஸ்டார்ட் ஆகாத லோரி" என்று பெயரும் வைத்தாய். அந்தப் பெயர் பிரிஞ்சாங் நகரத்து இரவுச் சந்தை வரை என்னைத் துரத்தியது. அந்த ஆண்டோடு பள்ளியை விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, தேயிலை வெட்டும் இயந்திரத்தின் ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை உன்னிடமும் கொடுத்தார் தோட்டத்துக் கங்காணி. செடி வரிசையின் இருபுறமும் நின்று, இருவரும் ஒரே அடியாக நடக்க வேண்டிய வேலை அது. கோபத்தில் நான் வேகமாக இழுத்தேன். நீ தடுமாறினாய். வெட்டு கோணிப்போய், இலையோடு குச்சியும் விழுந்தது.

"ஏம்மா, தேயில வெட்டுறீங்களா, மொட்ட போடுறீங்களா?" என்றார் கங்காணி.

மூன்றாம் நாள் குளிரில் இயந்திரம் கிளம்பவே இல்லை. கயிற்றை இழுத்து இழுத்து உன் கை ஓய்ந்தது.

"எ... என்ன மாதிரியே இருக்குல்ல?" என்றேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

நீ சிரிக்கவில்லை. "என் கால்ல கெடந்த பிஞ்ச சப்பாத்தப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. உன்னக் காட்டிட்டா என்ன விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"வி... விட்டாங்களா?"

"ஒரு வாரம் விட்டாங்க லா."

ஒரு வாரத்துக்காகவா என் பள்ளிக்கூடம் போனது? கோபப்பட நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுதாகப் போக இன்னும் சில மாதம் பிடித்தது. வரிசை மட்டும் அன்றிலிருந்தே நேராக வந்தது.

இப்போது செய்தி. போன வாரம் நம் லயக் குடியிருப்பின் வாட்சப் குழுவில், புதிதாக வேலைக்கு வந்த பெண் இலை மூட்டையோடு சேற்றில் வழுக்கி விழும் படத்தை யாரோ போட்டார்கள். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. போட்டவருக்கு எங்கே சப்பாத்து பிய்ந்திருக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அங்கே ஒரு சொல்லும் பேசியிராத நான், குரல் பதிவு அனுப்பினேன்.

"அ... அந்தப் படத்த எடுத்துடுங்க. அந்தப் பிள்ள நாளைக்கு வே... வேலைக்கு வரணும்."

இதைச் சொல்லி முடிக்க நாற்பது விநாடி ஆயிற்று. சற்று நேரத்தில் படம் போய்விட்டது.

மறுநாள் காலையில் இலை நிறுக்கும் இடத்தில் அந்தப் பெண் வந்து என் பின்னால் நின்றாள்.

"நேத்து பேசுனது நீங்கதானாக்கா?"

"ஆ... ஆமா."

"நடுவுல சத்தமே இல்ல. என் போன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

முகத்தில் கேலியே இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருப்பாய். உனக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன்.