தம்பிக்கு வெட்டிய கண்ணாடி

மார்ச் 3, செவ்வாய்

தம்பியின் அறைக்குக் கண்ணாடி வெட்டியாயிற்று. ஆறடிக்கு நாலடி, பத்து மில்லி கனம். கடை மாடியில் பழைய மாதிரிச் சட்டங்களை எல்லாம் ஒழித்துவிட்டு ஒரு மேசை போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் கீழே வெட்டும் பலகையும் வாசலும் ஒரே பார்வையில் தெரியும். முதலாளி உட்கார வேண்டிய இடம். இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே வியாபாரம் செய்த எனக்கு அப்படி ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

வெட்டுகிற மாஸ்டர் கேட்டார்: "டஃபன் பண்ண அனுப்பிடட்டுமாம்மா?" சூளையில் போட்டு எடுத்துவிட்டால் ஆள் மோதினாலும் தாங்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது. வெட்டினால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

"இருக்கட்டும் மாஸ்டர், ரெண்டு நாள் போகட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 5, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

தம்பிக்கு முப்பத்தொன்பது வயது. பதினைந்து வருஷமாக ஸ்ட்ரிங் தியரி ஆராய்ச்சி. மூன்று ஊர், மூன்று தற்காலிக வேலை. இப்போது இருக்கும் வேலை மே மாதத்தோடு சரி. ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி அங்கே போய்த் தன் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். அதற்குள், பேச வேண்டிய அதே கட்டுரையில் ஒரு கணக்கு உதைக்கிறதாம். வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை, இவனேதான் கண்டுபிடித்தான். போன வாரம் பெட்டியோடு வந்து நின்றான்.

"நான் அங்க போகலக்கா. கடைக்கே வந்துடறேன்."

பத்து வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. என் ரத்தம், பொய் சொல்லத் தெரியாதவன். இதைவிட நல்ல ஆள் எந்தக் கடைக்குக் கிடைக்கும்? சந்தோஷமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை இங்கே தவிர வேறெங்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

"உதைக்குது உதைக்குதுன்னா என்னதான் உதைக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடித் தகடுகள் சாய்த்து அடுக்கியிருந்த இடத்தில் நின்று சொன்னான்.

"எல்லாம் துகள்னு படிச்சிருப்பே. நாங்க, அது துளியூண்டு இழைன்னு வெச்சுக்கறோம். சில இழைங்களோட நுனி ஒட்டிக்கிட்டு நிக்கிற தகடுதான் பிரேன். இந்த அடுக்குல நாலு தகடு. ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு இழை போகும், புறப்பட்ட தகட்டுக்கே திரும்பியும் வரும். மொத்தம் பதினாறு விதம். தகடு கூடக்கூட இழைங்க ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கும், கணக்கே போட முடியாது. இது கேஜ் தியரி பக்கம்."

"இன்னொரு பக்கம்?"

"தள்ளி நின்னு பாரு. தகடும் தெரியாது, இழையும் தெரியாது. அடுக்கோட கனம் மட்டும்தான். அந்தக் கனம் சுத்தியிருக்கற வெளியையே வளைக்குது. அது ஈர்ப்புப் பக்கம். அங்க கணக்கு சுலபம். ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு முகம். இங்க போட முடியாததை அங்க போட்டு விடையை இங்க கொண்டு வந்துடலாம்."

"இதைத்தானே நம்ம டிரைவர் செய்யறார்" என்றேன். எங்கள் வண்டி ஓட்டுகிறவர் ஒருநாளும் தகடு எண்ணியதில்லை. பின்பக்கம் போய்ப் பட்டை ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். "நாப்பது ஏத்திட்டீங்க, முப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கு" என்பார். எண்ணிப் பார்த்தால் நாற்பதுதான் இருக்கும்.

தம்பி அடுக்கிலிருந்து என் பக்கம் திரும்பினான். "ரொம்பத் தூரம் தப்பில்லக்கா. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோ. ஈர்ப்புப் பக்கம் ஒரு திசை கூடுதலா இருக்கும். முகம்பார்க்கற கண்ணாடி தட்டைதான், ஆனா உள்ள ஒரு அறையே தெரியுதுல்ல, அந்த ஆழம் மாதிரி."

"நிரூபிச்சாச்சா?"

"முழுசா இல்ல. ஆனா போட்டுப் பார்த்த கணக்கெல்லாம் ஒத்துப்போகுது. என்னோடது மட்டும்தான் இல்ல. ஈர்ப்புப் பக்கம் வர்ற விடை, இந்தப் பக்கத்தைப் போல சரியா ரெண்டு மடங்கு."

முப்பத்தெட்டும் நாற்பதும் என்றால் பரவாயில்லை. இது முப்பத்தெட்டும் எழுபத்தாறும். பாவம்.

மார்ச் 9, திங்கள்

மாஸ்டர் மறுபடி கேட்டார். சூளைக்கு வண்டி போகிறதாம். அடுத்த வண்டியில் பார்க்கலாம் என்றேன்.

தம்பியின் கணக்கில் தகடுகளுக்கு எதிரே கண்ணாடி மாதிரி ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பிம்பம். கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. கடை ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது பத்துத் தகடு. எதிர்ச் சுவரில் பெரிதாக ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை மாட்டினேன். வந்தவர்களுக்கு இருபது தெரிந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"நீ பிம்பத்தையும் சேர்த்து எண்ணிட்டேடா" என்றேன்.

"அதைத்தான் முதல் நாளே பார்த்தேன். ஏழு தடவை. நான் எண்ணல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எட்டாவது படித்துவிட்டு இது எதற்கு.

மார்ச் 11, புதன்

இன்று கத்திவிட்டேன்.

ஒரு துணிக்கடைக்குப் பன்னிரண்டு தகடு ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒன்றில் மூலையில் நகக்கண் அளவு சில்லு போயிருந்தது. தம்பி அந்த மூலையைக் கீழே வருகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே?"

"சட்டத்துக்குள்ள மறைஞ்சிடும்க்கா. யாருக்கும் தெரியாது."

"மறையும்னு எனக்குத் தெரியாதா? நேத்து வந்தவன் நீ சொல்லித்தான் தெரியணுமா? இந்தக் கடையிலருந்து சில்லு போன தகடு சிவப்பு வட்டம் இல்லாம வெளிய போனதில்ல. மெழுகுப் பென்சிலை எடு. வட்டம் போடு. வேணும்னா வெச்சுக்குவாங்க, வேணாம்னா திருப்புவாங்க. நாம காட்டினா அது சில்லு. அவங்களா கண்டுபிடிச்சா அது திருட்டு."

மாஸ்டர், டிரைவர், ஏற்றுகிற ஆட்கள் எல்லார் எதிரிலும். முப்பத்தொன்பது வயசு ஆளை. டிரைவர் சட்டென்று டயரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தம்பி மெழுகுப் பென்சிலை எடுத்தான். வட்டம் போட்டான். மத்தியானம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"பதினெட்டாம் தேதி நான் போறேன்க்கா. போய், முதல்ல அந்த ரெண்டு மடங்கைச் சுத்தி வட்டம் போட்டுட்டுத்தான் மத்ததைப் பேசுவேன்."

நுணலும் தன் வாயால் கெடும். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் — போடான்னு சொன்னா போயிடுவானோன்னு பயந்து. நான் சொல்லாமயே போறான். நானே கத்தி அனுப்பிட்டேன்.

நேர்மையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். எனக்குத் திரும்பி வருகிற சரக்கின் வண்டிச் செலவு பிடிக்காது, அவ்வளவுதான்.

மார்ச் 13, வெள்ளி

தம்பி கிளம்பிவிட்டான். கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னேன். மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நாளைக்கு. ஒரு ஜன்னலுக்கு இரண்டு தடவை அளவெடுத்தேன், இரண்டும் வேறு வேறாக வந்தது. டேப்பை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 18, புதன்

சாயங்காலம் நாலரைக்குப் போன். "அக்கா" என்றவுடனேயே குரலில் தெரிந்துவிட்டது. அப்பாடா.

திரையில் காட்டிய முதல் படத்திலேயே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறான். "இந்த இடம் ஒத்துவரவில்லை, காரணம் எனக்குத் தெரியாது" என்று. தேர்வுக் குழுவில் ஒருவர், "முடிக்காத வேலையை இங்கே ஏன் கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டாராம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு, முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பேராசிரியை எழுந்திருக்கிறார்.

"இந்தப் பக்கத்து எண்ணை அந்தப் பக்கத்து எண்ணா மாத்த ஒரு அட்டவணை வேணுமே. யாரோடதை எடுத்தீங்க?"

"உங்களோடதுதான் மேடம். இருபது வருஷமா எல்லாரும் அதைத்தான் எடுக்கறோம்."

அந்த அம்மாள் பலகைக்கு வந்து, சுண்ணாம்புக்கட்டியை வாங்கி, முதலிலிருந்து போட்டுப் பார்த்தாராம். அரை மணி நேரம். யாரும் எழுந்து போகவில்லை. அப்புறம் திரும்பி, "நான் எண்ணும்போது பிம்பங்களையும் சேர்த்து எண்ணியிருக்கேன். அதை எழுதி வைக்க மறந்துட்டேன். உங்க கணக்கு சரி" என்றாராம்.

"நான்தான் சொன்னேனே!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ என் சரக்கைச் சொன்னேக்கா. தப்பு வாங்கின சரக்குல."

"வாங்கின சரக்கை இறக்கும்போதே பார்க்க வேணாமாடா?"

போனிலேயே சிரித்தான். விடாமல் சிரித்தான். இப்படி அவன் சிரித்துக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! எனக்கும் சிரிப்பு, கூடவே கண்ணில் தண்ணீர். வேலை கிடைக்குமா என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

காலையிலிருந்து உடம்பு லேசாக இருக்கிறது. கடைக்கு ஆள் இல்லாமல் போகலாம், இத்தனை நாள் ஆசை போகலாம் — அப்படியும் லேசாகத்தான் இருக்கிறது. வண்டியிலிருந்து சரக்கை இறக்கினால் ஸ்பிரிங் மேலே எழும்புமே, அப்படி.

ஏப்ரல் 2, வியாழன்

வேலையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் பேராசிரியை தன் அட்டவணைக்குத் திருத்தம் எழுதி வெளியிட்டிருக்கிறாராம், தம்பி பேரைச் சொல்லி. தன் சரக்குக்குத் தானே வட்டம் போடுகிறார். பெரிய கடை.

ஏப்ரல் 21, செவ்வாய்

எதிர்ச்சாரியில் புதிதாக வந்திருக்கும் பல் டாக்டர் காலையில் வந்தார். தடுப்புக்குக் கண்ணாடி வேண்டும், ஐந்தடிக்கு மூன்றரை, பத்து மில்லி, அவசரம். அந்த அளவில் தயாராக இல்லை என்று மாஸ்டர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தம்பி ஜூலையில் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்று கடிதம் வந்தது மாஸ்டருக்குத் தெரியும். நேற்று நான்தானே எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அந்தச் சுவரோரத்துக் கண்ணாடியை எடுங்க மாஸ்டர்" என்றேன். "பெரிசைச் சிறிசாக்கலாம், தோதுதான்."

வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். சுத்தமாகப் பிரிந்தது. ஓரத்தில் ஒரு சில்லு இல்லை.

"டஃபன் பண்ண அனுப்பிடட்டுமாம்மா?"

"அனுப்பிடுங்க" என்றேன். மாடிக்குப் போய் அந்த மேசையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து வாசல் நன்றாகத்தான் தெரிகிறது.