இருநூற்றைம்பத்தாறா, ஐந்நூற்றுப் பன்னிரண்டா

ஜூன் 9, திங்கள்

விடியற்காலை முதல் மழை. நேற்றுக் காயப்போட்ட துணி இன்றும் ஈரம். ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். டிகாக்‌ஷன் இறங்கி, பால் காய்ச்சி, காப்பி குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பதினோரு நிமிஷம்!

பயிற்சி மையத்துக் கேள்வித்தாள் கட்டு அடுத்த வாரம் வரும். மலையாளத்தில் வரும், தமிழாக்கித் தட்டிக் கொடுக்கவேண்டும், பத்து நாள் கெடு. இந்த மெஷினை நம்பி ஒப்புக்கொண்ட என்னைச் சொல்லவேண்டும்.

ரிப்பேர் ஷீபாவுக்கு போன். கிள்ளிப்பாலத்தில் கடை. ஊர் பாறசாலைப் பக்கம்.

"எக்கா, ஹார்டு டிஸ்க் சாவக் கெடக்கு. அத மாத்தி ஒரு எஸ்.எஸ்.டி. போட்டா பறக்கும் பாருங்க."

மூன்று அளவு சொன்னாள். 256 ஜிபி, 512, ஒரு டிபி. நான் ஒதுக்கி வைத்திருப்பது மூவாயிரம். 256 என்றால் மாட்டிவிடும் கூலி போக மீதி வரும். 512 என்றால் இடிக்கும். டிபி பற்றி நினைப்பானேன்.

செய்யவேண்டியது:
– எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க
– பயற்றங்காய், வெண்டைக்காய்
– அவர் செக்கப் தேதி கேட்க
– துணி!!

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ஷீபா கடைக்குப் போகும் வழியில் வந்தாள். ரெயின்கோட்டை வாசலில் உதறிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால். அவர் நடக்கப் போயிருந்தார், கரமனைப் பாலம் வரை.

"ஐந்நூறுல முக்காவாசியும் நெறஞ்சு கெடக்கே. என்னத்தக்கா இதுல வெச்சிருக்கிய?"

என் வேலை முழுக்கச் சேர்த்து 9 ஜிபி. போட்டோ கொஞ்சம். பாக்கி எல்லாம் ஒரே ஃபோல்டர். பெயர் 'மாஷ் கிளாஸ்' (இங்கே வாத்தியார் என்றால் மாஷ்). 340 ஜிபி.

லாக்டவுனில் ஆரம்பித்து நாலு வருஷம் அவர் ஆன்லைனில் கணக்கு ட்யூஷன் எடுத்தது. எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்தார். போன வருஷம் மேட மாதம், நம் சித்திரையில், ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று இருக்கிறேன். அத்தோடு வகுப்பு நின்றது.

ஷீபாவுக்கு இதெல்லாம் தெரியும். கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"இதக் களஞ்சா 256 தாராளம் எக்கா. வெச்சுக்கிடணும்னா 512 வாங்கணும். பழைய டிஸ்க்குல போட்டு வெச்சிரலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அது இன்னிக்கோ நாளைக்கோ. தனியா வெளிய ஒண்ணு வாங்கினாலும் அதே காசுதான், கேட்டோ."

திங்கட்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். காப்பி வேண்டாம் என்று ஓடிவிட்டாள்.

ஜூன் 11, புதன்

வெயில். துணி காய்ந்தது. நல்ல சமயம் என்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு பேச்சை எடுத்தேன். அவர் நாற்காலியில், மடியில் வெள்ளைப் பலகை. வகுப்புக்கு வாங்கிய சின்னப் பலகைதான், இப்போது அதுதான் வாய். பேனாவால் பலகையில் இரண்டு தட்டு என்றால் காப்பி. மூன்று என்றால் இங்கே வா. தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தவர்தான்.

"ஏன்னா, 512 வாங்கலாம்னு இருக்கேன். என் வேலைக்கு வேணும்."

எழுதினார்: உன் வேலை எவ்வளவு?

கணக்கு வாத்தியாரிடம் பொய் சொல்லப் போனால் இப்படித்தான். 9 என்று ஒப்புக்கொண்டேன். இருபது வருஷம் இதே வேலை செய்தாலும் 256 நிறையாது என்று பெருக்கிக் காட்டினார், கீழே இரண்டு கோடு போட்டு.

"உங்க கிளாஸ் எல்லாம் இருக்கே."

எழுதினார்: அழித்துவிடு.

"படிச்ச குட்டிகள் யாராவது கேட்டா?"

பாடத்திட்டம் மாறிவிட்டது. யாரும் கேட்க மாட்டார்கள். 256 போதும்.

பலகையைத் துடைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம். பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தேன். வாய் இருக்கிறவளுக்கும் சில சமயம் பாத்திரம்தான் பேசவேண்டியிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள், எழுதிவிடுகிறேன்.

தினமும் அவர் பாலத்துக்கு நடக்கப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு வகுப்பைப் போடுகிறேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கணக்கு எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. புரிந்ததா என்பதற்கு "மனசிலாயோ?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்பாரே, அதற்காகத்தான். பாதி மலையாளம், பாதி நம் தமிழ், கடைசியில் ஒரு இழுப்பு. கேலி செய்துகொண்டே இருப்பேன் அந்த இழுப்பை. இப்போது அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அம்புலிக்கு வாய் திறக்கும் குழந்தை மாதிரி.

அழிக்கச் சொல்கிறார். அவர் குரல்தான். ஆனால் முப்பத்தொரு வருஷம் கேட்டவள் நான். கேட்டவளுக்கு அதில் பாத்தியதை கிடையாதா?

512 வாங்கிவிட்டு 256 என்று சொல்லிவிடலாம். ஷீபாவும் காட்டிக்கொடுக்கமாட்டாள். யோசித்தேன், யோசிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

பயறு வாங்க மறந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மழை. பத்து மணிக்குக் கறண்ட் போய் பன்னிரண்டுக்கு வந்தது.

எதை வைப்பது, எதை விடுவது என்று பார்க்க 'மாஷ் கிளாஸ்' முழுக்கத் திறந்தேன். உள்ளே வருஷம். வருஷத்துக்குள் பிள்ளைகள் பெயர். அகில், அனகா, தேவிகா, ஜோயல், இப்படிப் பதினோரு பேர். அகில் ஃபோல்டரில் முக்கோணவியல் முதல் வகுப்பு. அனகா ஃபோல்டரிலும் அதே. தேவிகாவிலும் அதே. நிமிஷம், விநாடி எல்லாம் ஒன்றே.

கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி நோட்டு, தனித்தனியாகத் திருத்திக் கையில் கொடுப்பார். கம்ப்யூட்டரிலும் அதையே செய்திருக்கிறார். ஒரே வகுப்பைப் பதினோரு பிரதி எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒன்று. பெற்றோர் பென் டிரைவோடு வந்தால் அந்தப் பிள்ளையின் ஃபோல்டரை அப்படியே தூக்கிக் கொடுக்க. நாலு வருஷமும்!

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஷீபாவுக்கு போன் செய்து சொன்னேன், அவளும்.

"அப்பம் உள்ளது ஒரு முப்பது ஜிபி காணும். எக்கா, 256லயே எல்லாம் அடங்கிரும்!"

போனை வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. இனிமேல் இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது, பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நேற்று வரைக்கும் 256 என்றால் அவர் சொன்னபடி கேட்டேன் என்று அர்த்தம், 512 என்றால் கேட்கவில்லை. இப்போது இரண்டுக்கும் ஒரே டிரைவ். வைக்கவேண்டுமா என்பது மட்டும் பாக்கி.

ஜூன் 14, சனி

சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால் காலமெல்லாம் ஹெட்போனும் நானுமாக ஒளிந்துகொண்டிருக்கவேண்டும்.

"எல்லாத்தையும் பதினோரு காப்பி எடுத்து வெச்சிருக்கேளே, என்ன புத்தி இது? ஒண்ணொண்ணு வெச்சா போறும். 256லயே கொள்ளும். அழிக்கணும்னு ஒண்ணும் இல்லை."

பதினோரு பிரதி விஷயத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கும், சத்தம் வராது. பிறகு எழுதத் தொடங்கினார். எழுதித் துடைத்து, எழுதித் துடைத்து. நினைவிருக்கும்போதே இங்கே எழுதி வைக்கிறேன்.

நீ கேட்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் மழை வந்து பாதியில் திரும்பினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

துடைத்தார்.

நான் உள்ளே வந்ததும் ஹெட்போனைக் கழற்றினாய். சிரிப்பும் போயிற்று.

துடைத்தார்.

உனக்கு அவன் வேண்டும். நான் வந்தால் அவன் போய்விடுகிறான்.

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தான் இருந்தது. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு வருஷமாக அவருக்குத் தொண்டைதான் வலிக்கிறது என்று நினைத்துக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தேன்.

மௌஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"உங்க குரல். உங்க இஷ்டம். நீங்களே பண்ணுங்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அடுக்களைக்கு வந்துவிட்டேன். அழுதேன். எழுதுவதற்கு என்ன.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து அவர் கம்ப்யூட்டர் முன்னால். ஹெட்போன் வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்வது இதுதான் முதல் தடவை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க், ஒவ்வொன்றும் திறக்க நேரமாகிறது. பொறுமையாக இருக்கிறார்.

தண்ணீர் வைக்கப் போனபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். முதல் வருஷம் காணோம். சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது இரண்டாம் வருஷமும் இல்லை. மொத்தமாக ஒரே அழுத்தில் அழிக்கலாம். மாட்டார். அகிலைத் திறந்து, அங்கங்கே கேட்டு, அழித்து, பிறகு அனகாவின் பிரதி, அந்த வரிசையில்.

வாயைத் திறக்கவில்லை நான். சொன்ன சொல். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டேன். அவர் ஒன்றும் எழுதாமல் சாப்பிட்டார்.

ஜூன் 16, திங்கள்

லேசான தூறல். ஷீபா மெசேஜ்: 'எக்கா எது எடுக்கணும்? ரெண்டும் ஸ்டாக் உண்டு.'

அவர் சாய்வு நாற்காலியில் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தார் (நேற்று நானே வாங்கி வந்தேன், கடைசியில்). கம்ப்யூட்டரைப் போட்டேன். பதினோரு நிமிஷம். 'மாஷ் கிளாஸ்' திறந்தேன்.

பிள்ளைகள் யாரும் இல்லை. ஒரே ஒரு ஃபோல்டர். அதற்கு என் பெயர், 'லலிதா'.

உள்ளே ஒரே ஒரு வகுப்பு.

திரும்பிப் பார்த்தேன். பலகையை எனக்குத் தெரிகிற மாதிரி முன்பே நிமிர்த்தி வைத்திருந்தார். அதில்: ஹெட்போன் இல்லாமல் கேள். நானும் இருக்கிறேன்.

ஸ்பீக்கரைத் தேடி எடுத்து, தூசி துடைத்து, மாட்டினேன். போட்டேன்.

முதலில் சைன் ஸ்கொயர், காஸ் ஸ்கொயர் என்று ஏதோ. "ரெண்டையும் கூட்டினா எத்ரயா? ஒண்ணு. மனசிலாயோ?" அந்த இழுப்பு. கூடம் முழுக்க. அவர் குனிந்த தலை நிமிராமல் பயறு ஒடித்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிப்பை மறைக்காமல்.

கொஞ்ச தூரம் போனதும் ஸ்பீக்கரில் அவர் குரல், வேறு பக்கம் திரும்பி: "லலிதா, காப்பி ஆச்சா?"

தூரத்தில் அடுக்களையிலிருந்து இன்னொரு குரல். என்னுடையது. இப்படியா கத்துகிறேன் நான்!

"வரேன்னா! எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர் சொல்கிறார்: "குட்டிகளே, இந்த ஆத்துல மாஷ் நான் இல்லை, கேட்டோ."

இத்தனை நாள் கேட்டதில் இது என் கையில் படவே இல்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தேடியிருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற ஒன்றை.

பலகையில் இரண்டு தட்டு.

"வரேன்னா" என்றேன். போய்ப் போட்டுக் கொண்டுவந்தேன், இரண்டு டம்ளர். ஷீபாவுக்குப் பதில்: 256 போதும், நாளைக்கு வா.