அரை இஞ்ச்

12-2-1967, ஞாயிறு

சேலத்து டீமை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டு கோலும் உசேன் போட்டது. இரண்டுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தது நான். இங்கேயாவது எழுதி வைக்கிறேன், வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஆட்டம் பார்க்க உசேனின் தாய்மாமா அப்துல் ரஷீத் வந்திருந்தார். பினாங்கில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அங்கே வியாபாரிகள் நடத்தும் கால்பந்து கிளப்புக்கு அவர்தான் காரியதரிசியாம். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், கோல் விழுந்ததும் எழுந்து நின்று கை தட்டினார். பாஸ் கொடுத்தவனை யார் பார்க்கிறார்கள்?

20-2-67

முடிவாகிவிட்டது. உசேன் மலேயா போகிறான். பகலில் மாமா கடையில் வேலை, சாயங்காலம் கிளப்பில் ஆட்டம். என் தையல் கடைக்கு ஓடி வந்து, "மாது, கப்பல்ல போறண்டா!" என்று கத்தினான். நான் மிஷினை நிறுத்தவில்லை. "போயிட்டு வா" என்றேன். தைத்துக்கொண்டிருந்த காலர் கோணலாகப் போய், பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

எட்டு வருஷமாக ஒன்றாக ஆடுகிறோம். எனக்கும் பினாங்கில் ஒரு மாமா இருந்திருந்தால்? எனக்கு இருக்கிற ஒரே மாமா பாப்பாரப்பட்டியில் எருமை மேய்க்கிறார்.

5-3-67

அங்கே வெறுங்காலோடு ஆட விடமாட்டார்களாம். ரஷீத் முன்னால் புறப்படுகிறார். உசேன் போய்ச் சேரும்போது பூட்ஸ் தயாராக இருக்க வேண்டும் என்று கால் அளவு கேட்டார். அக்கரையிலிருந்து செருப்பு வரவழைக்க எல்லோரும் செய்வதுதான். காகிதத்தின்மேல் காலை வைத்துச் சுற்றி வரைந்து கொடுத்தால் போதும். "மாது வரையட்டும். டெய்லர் கை, தப்பாது" என்றார் உசேனின் அம்மா ரஹமத் பீவி.

வரைந்தேன். பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, பாதத்தை ஒட்டி, நூல் பிசகாமல். கூச்சம் தாங்காமல் நெளிந்தான். ஆட்டாதேடா என்று அதட்டினேன்.

"உன் காலையும் வரைஞ்சு குடு. சம்பாரிச்சு உனக்கும் ஒரு ஜோடி அனுப்பறேன்" என்றான். வேண்டாம் என்றேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு நான் எங்கே போக? புளி மண்டிக்கா?

28-4-67

பொம்மிடி ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். பீவியம்மா அழுதார். உசேன் அழுதான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவன் போட்டிருந்த சட்டை நான் தைத்தது. அது மட்டும் கப்பல் ஏறுகிறது.

17-6-67

முதல் கடிதம். பீவியம்மா குர்ஆன் ஓதுவார், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் கடைக்கே எடுத்து வந்துவிட்டார். நான் சத்தமாகப் படித்தேன். தினம் மத்தியானம் மழையாம். சாப்பாட்டுக்குப் பேர் மக்கானாம். கடைக்கு மேலேயே படுக்கையாம். மைதானம் முழுக்கப் புல்லாம், ஒரு கல் கிடையாதாம். பந்து கேட்பவர்கள் 'சினி, சினி' என்று கத்துவதைக் கேட்டு, சீனி எதற்குக் கேட்கிறார்கள் என்று விழித்தானாம். 'சினி' என்றால் இங்கே என்று அர்த்தமாம்.

பீவியம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். படித்து முடித்ததும் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு மிஷினை மிதித்தேன்.

2-7-67

ரைட் இன் இடத்தில் நான். உசேன் ஆடிய லெஃப்ட் இன் இடத்தில் யார் யாரோ. நான் கொடுக்கிற பந்தை ஒருத்தனுக்கும் எடுக்கத் தெரியவில்லை.

20-8-67

போட்டோ வந்திருக்கிறது. கோடு போட்ட பனியன், முழங்கால் வரை கம்பளி சாக்ஸ், பூட்ஸ். அடையாளமே தெரியவில்லை, துரை மாதிரி நிற்கிறான். பீவியம்மா தெருவெல்லாம் காட்டுகிறார். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பனியனின் தோள் தையல் சுருங்கியிருக்கிறது. மட்டமான வேலை. அதைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது. பொறாமைதான். வேறென்ன?

24-9-67

இந்த முறை உறைக்குள் இரண்டு காகிதம். ஒன்று அம்மாவுக்கு. மற்றொன்றின் தலையில் 'மாதுவுக்கு மட்டும், அம்மாகிட்டப் படிக்காதே' என்று எழுதியிருந்தது.

பூட்ஸ் காலைக் கொல்கிறதாம். விரலெல்லாம் புண். பத்து நிமிஷம் ஓடினால் ரத்தம். துணி சுற்றிப் பார்த்தானாம், இன்னும் இறுகுகிறதாம். மாமா ஆர்டர் கொடுத்துச் செய்த பூட்ஸ் என்பதால் வாய் திறக்கப் பயம். 'என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நவம்பரில் பினாங்கு டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குள் சரியாக வேண்டும். நம்ம கால் பூட்ஸுக்கு ஆகாத கால் போலிருக்கு. நீ டெய்லராச்சே, ஏதாவது வழி சொல்லுடா.'

அந்தக் காகிதத்தை நாலு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இனித்தது.

25-9-67

ஒருவருக்குக் கோட்டுத் தைக்கத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கோட்டு அளவை உள்ளே போடும் சட்டைக்கு மேல் வைத்துத்தான் எடுப்பது. மேலே லூஸும் விட வேண்டும். டேப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

வெறுங்காலை அல்லவா வரைந்தேன்! நூல் பிசகாமல்! அந்தக் கம்பளி சாக்ஸ் எங்கே போகும்? பிறந்ததிலிருந்து சாக்ஸ் போட்டிருந்தால்தானே எனக்கோ அவனுக்கோ அந்த யோசனை வந்திருக்கும். சாக்ஸ் போட்ட காலை வரைந்து, அரை இஞ்ச் விட்டு வேறு பூட்ஸ் செய்யச் சொன்னால் முடிந்தது. ஒரே வரி. இன்றைக்கே எழுதிவிடலாம்.

27-9-67

எழுதவில்லை.

1-10-67

இன்று பதில் போட்டேன். 'பொறுத்துக்கொள். தோல் போகப் போக இடம் கொடுக்கும்.' அங்கே எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்களாம், அவனே எழுதியிருந்தான். அதையே நானும் சொல்வதில் என்ன தப்பு? அளவு தப்பு என்று எழுதினால், என் கை தப்பு என்று ரஷீத் ஊரெல்லாம் சொல்வார். அதற்காகத்தான்.

அதற்காக மட்டும்தானா?

செல்லம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "என்னங்க, உசேன் அண்ணனுக்கு ஏதாச்சும் கஷ்டமா? ரெண்டு நாளா நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே தைக்கிறீங்களே." கஷ்டத்தையும் பாட்டையும் எப்படித்தான் சேர்த்துக் கேட்டாளோ. பொண்டாட்டி வாய்க்குப் பயந்து பாதியில் எழுந்துவிட்டேன்.

19-11-67

கட்டைவிரல் நகம் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டார்களாம். பினாங்கு டீமுக்கு ஆள் எடுத்த அன்று அவன் கட்டிலில். அவன் இடத்துக்கு வேறு ஒருவன் போய்விட்டான். 'நீ சொன்ன மாதிரி பொறுத்துத்தான் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறான். இதுவும் எனக்கு மட்டும் எழுதிய காகிதம். அம்மாவுக்கு எழுதியதில் மீனும் மழையும்தான்.

20-11-67

இதத்தானடா கேட்ட? அவன் கீழ விழணும்னுதானே கேட்ட? விழுந்துட்டான். இப்ப என்ன - சந்தோசமா? ஆட்டத்துக்கும் போகல, கடையும் தொறக்கல. நகம் புடுங்குனா எவ்ளோ வலிக்கும்? நீ நல்லவன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தன் அந்த வலியோட கட்டில்ல உக்காந்து உனக்குக் கடுதாசி எழுதறான்.

14-1-68

பொங்கல். எழுத ஒன்றுமில்லை.

11-2-68, ஞாயிறு

பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். பீவியம்மாவுக்குச் சேலை, தைலம். எனக்கு ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் பூட்ஸ், அதற்குள் சுருட்டி வைத்த ஒரு ஜோடி சாக்ஸ். கடிதம் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். பீவியம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறார், சத்தமாகப் படித்தாக வேண்டும்.

கால் ஆறிவிட்டதாம், இரண்டாவது டீமில் ஆடுகிறானாம். பூட்ஸ் செய்த சீனரிடமே போனானாம். அவர் என் காகிதத்தை எடுத்துப் பார்த்து, வெறுங்காலுக்கா அளவு எடுத்தீர்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தாராம். 'சாக்ஸ் போட்டுக்கிட்டு அளவு குடுத்து, அரை இஞ்ச் விடணுமாம். இந்தச் சின்ன விஷயம் நம்ம ரெண்டு பேருக்குமே தெரியலியே மாது. தெரிஞ்சிருந்தா நீ உடனே எழுதியிருப்பே. எனக்கு ஆனது உனக்கு ஆகக் கூடாதுன்னு அரை இஞ்ச் விட்டே செய்யச் சொன்னேன். நீ அளவு குடுக்கலேன்னா என்ன? உன் கால் என் காலைவிட ஒரு விரல் நீளம். எத்தனை தடவை உன் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிருக்கேன்.'

"அந்த எடத்த இன்னொருக்கா படி தம்பி" என்றார் பீவியம்மா.

"எந்த எடம்மா?"

"தெரிஞ்சிருந்தா நீ எழுதியிருப்பேன்னு சொல்றானே, அது. அங்க அவனுக்கு யாரு இருக்கா? உன்ன நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கான்."

இன்னொரு முறை படித்தேன்.

12-2-68

சாக்ஸ் போட்டு பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருக்கிறது. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

18-2-68

எழுதிவிட்டேன். நீலக் காகிதம் முழுக்கக் காலியாக இருக்க, மேலே மூன்று வரி. 'எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த மறுநாளே தெரிந்துவிட்டது. நீ அங்கே நன்றாக இருப்பது பொறுக்காமல் சொல்லாமல் இருந்துவிட்டேன்.' தபால் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் திரும்பவும் எடுக்க முடியுமா என்று கை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

31-3-68

பதில் இல்லை.

9-6-68

பீவியம்மாவுக்குக் கடிதம் வந்தது. எப்போதும் கடைசியில் 'மாதுவை விசாரித்ததாகச் சொல்லவும்' என்று இருக்கும். இல்லை. பீவியம்மா காத்துக்கொண்டிருந்தார். "உன்னப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" இருக்கிறது என்று சொல்லி, அந்த வரியை நானே சேர்த்துப் படித்தேன்.

22-9-68

நாலாவது கடிதம். நாலாவது முறையாக அந்த வரியை நானே சொன்னேன். இப்போது மனப்பாடமாக வருகிறது.

முதல் டீமுக்கு வந்துவிட்டானாம். போன ஞாயிறு கோல் போட்டானாம். படிக்கும்போது வயிற்றில் பழைய எரிச்சல் வரும் என்று பயந்தேன். வந்தது. கொஞ்சம்தான். அந்தக் கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவன் யாரோ, அவன் மேல்தான் அதிகம்.

19-1-69, ஞாயிறு

இன்று ஆட்டத்துக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பீவியம்மா கடிதத்தோடு வேகமாக வந்தார். உசேனுக்குப் பெண் முடிவாகியிருக்கிறது, கிருஷ்ணகிரி ஷகிலா. ஏப்ரலில் நிக்காஹ், ஒரு மாத லீவில் வருகிறான். எல்லாம் அம்மாவுக்கு. கடைசியில், எப்போதும் நான் பொய் சொல்லும் இடத்தில், நிஜமாகவே என் பெயர். வாயில் தயாராக வைத்திருந்த வரியை விழுங்கிவிட்டுப் படித்தேன்.

'மாது, நிக்காஹ் சட்டை நீதான் தைக்கணும். பழைய அளவு உன் நோட்டுல இருக்கும். கொஞ்சம் சதை போட்டுட்டேன், அரை இஞ்ச் லூஸ் விட்டுத் தை. அது உனக்குத் தெரியும்.'

"என்னடா தம்பி, நின்னுட்ட?" என்றார் பீவியம்மா.

"ஒண்ணுமில்லம்மா. சட்டை தைக்கச் சொல்றான்."

ஆட்டத்துக்குப் போகவில்லை. நோட்டில் அவன் பக்கத்தைத் தேடி எடுத்து, சாயங்காலமே துணி வாங்கி வெட்டினேன். முக்கால் இஞ்ச் விட்டிருக்கிறேன்.