சிவப்பு நூலுக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 2

என் கண்ணே சாருல்,

தாரா தேவி உன் சேணத்துக்கு முன்னும் பின்னும் இருப்பாள். நீங்கள் கிளம்பிய தடத்தில் பால் தெளித்தேன். செவலைக் குதிரைக்கு மூன்று கரண்டி, உனக்கு இரண்டு. கோபித்துக்கொள்ளாதே, ஓடப்போவது அவன்தான்.

உன் மூட்டையில் என் ஜபமாலையை வைத்திருக்கிறேன். குளிர்காலம் முழுக்க அவன் நெஞ்சில் காதை வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை என்று துடிப்புக்கு ஒரு மணி உருட்டிப் பழகினேன். அறுபத்துநாலாவது மணியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. நூற்றிருபது கிலோமீட்டர் ஓடி வந்த இருபது நிமிடத்துக்குள் துடிப்பு அந்த நூலுக்கு இந்தப் பக்கம் இறங்கினால்தான் ஓட்டம் செல்லும் என்றாயே! உன் அப்பாவுக்கு அது ஏறவில்லை. நாதாம் திருவிழா ஓட்டத்துக்கே குதிரை பழக்கியவர். "மொதல்ல வரலைன்னா இனிமே செவலை மேல அவ ஏற வேண்டாம்" என்று போகும்போதும் சொன்னார்.

உன் அம்மா,
துல்மா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மா,

நூற்றுப் பதினோராவது கிலோமீட்டர் வரை இரண்டாவதாக வந்தேன். ஓடையில் தண்ணீர் காட்ட நிறுத்தினேன். பத்து நிமிடமாகியும் மாலை நூலைத் தாண்டிக்கொண்டே போனது. இறங்கிவிட்டேன். மீதி ஒன்பது கிலோமீட்டரும் அவனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எல்லோரும் கடந்து போனார்கள்.

ஓட்டம் முடியும் எல்லையில் ஒரே சிரிப்பு. கடைசியாக வரும் இரண்டு வயதுக் குட்டிக்குப் பாடுவார்களே நிறைவயிற்றுப் பாட்டு, அதைப் பாடினார்கள். லுவ்சான் மாமா அப்பாவிடம், "என்ன அண்ணே, குதிரை உம் மகளைக் கூட்டிட்டு வருதா?" என்றார். அப்பா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் மருத்துவர்கள் துடிப்பை எண்ணினார்கள். செவலைக்கு நாற்பத்தெட்டு. முதலில் வந்த குதிரைக்கு இறங்கவே இல்லை. பதினான்கில் ஐந்துதான் தேறின, நான் ஐந்தாவது. மறுநாள் காலை நடக்கவிட்டுப் பார்த்து, நல்ல நிலையில் வந்த குதிரை என்று செவலைக்குத்தான் நீலப் பட்டுத்துணி கட்டினார்கள்.

இனி அவன் மேல் ஏறலாமா என்று அப்பாவிடம் கேள்.

சாருல்

ஆகஸ்ட் 15

என் பொன்னே,

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தானே நான், உன் கடிதத்தைப் படித்துக்காட்ட ஒரு கெண்டி தேநீர் தீர்ந்தது. உன் அப்பா ஒரு வரியில் நிறுத்தச் சொன்னார். "நாப்பத்தெட்டா? சரியாப் படி." மூன்று முறை படித்தேன். பிறகு குதிரையேறி லுவ்சான் கூடாரத்துக்குப் போனார். இறங்கவில்லையாம். வாசலிலேயே குதிரையை நிறுத்தி, உன்னைக் கேலி செய்த அந்த நிறைவயிற்றுப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடிவிட்டு வந்தாராம். லுவ்சான் மனைவி சொல்லிச் சிரித்தாள். நான் தாராவுக்கு ஒன்பது விளக்கு ஏற்றினேன், ஒன்பதும் நீ நடந்த கிலோமீட்டருக்கு.

நீ கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. நேற்று, யாரையும் தொடவிடாத தன் வெள்ளிச் சேணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிதிவார்களை உன் கால் அளவுக்குக் குறைத்துக் கட்டியிருக்கிறார்.

உன் அம்மா,
துல்மா